பிள்ளையா... பிசாசா?

பேய்ப் படம் என்றால் முன்பெல்லாம் என்ன இருக்கும்? பாழடைந்த பங்களா, கிறீச்சிடும் கதவு, தூரத்தில் நரி ஊளை. படம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் பயமெல்லாம் வாசலோடு நின்றுவிடும். ஆனால், இன்னொரு ரகம் இருக்கிறது. அதில் பேய் வெளியிலிருந்து வராது. ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, ஸ்கூல் விட்டு வந்து, "அம்மா, பசிக்குது" என்று நிற்கும். தாழ்ப்பாள் போட்டு என்ன பிரயோஜனம்? அது உள்ளேதானே இருக்கு!

ஹாலிவுட்காரர்கள் இந்த ரகத்தை ஐம்பதுகளிலிருந்து விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'தி பேட் சீட்', 'ரோஸ்மேரிஸ் பேபி', 'தி எக்ஸார்சிஸ்ட்', 'தி ஓமன்', 'ஆர்ஃபன்' என்று வரிசையாகச் சொல்லலாம். 'சரி, அதுக்கும் ஹெல்த் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இருக்கிறது. இந்தப் படங்களில் வரும் குழந்தைகள் ராத்திரியில் அலறுகிறார்கள், எங்கேயோ வெறித்துப் பார்க்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஆளோடு பேசுகிறார்கள், திடீரென்று குணம் மாறுகிறார்கள். இத்தனையும் குழந்தை டாக்டர்கள் தினமும் கேட்கிற புகார்கள்தான்! டாக்டரிடம் இதற்குப் பத்து விடை உண்டு. படத்திடம் இருப்பது ஒரே விடை: 'இது கெட்ட குழந்தை.' அந்த ஒரு விடையைத் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? நிஜமாகவே ஆகியிருக்கிறது. வரிசையாகப் பார்க்கலாம்.

மெடலுக்காக ஒரு கொலை

வில்லியம் மார்ச் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாவல் 'தி பேட் சீட்'. 'கெட்ட விதை' என்று சொல்லலாம். 1954-ல் வந்தது. அதே வருஷம் நாடகமானது. 1956-ல் மெர்வின் லிராய் டைரக்‌ஷனில் சினிமா ஆனது. எட்டு வயது ரோடா. கஞ்சி போட்ட கவுன், பெரியவர்களைப் பார்த்தால் அடக்கமாக ஒரு வணக்கம். எதிர்வீட்டு மாமியெல்லாம் 'பெத்தா இப்படிப் பெக்கணும்' என்று சொல்லும் ரகம். பள்ளியில் கையெழுத்துக்கான மெடல் வேறு ஒரு பையனுக்குப் போய்விடுகிறது. பிக்னிக் போன இடத்தில் அந்தப் பையன் தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். மெடல் ரோடாவின் அலமாரியில் கிடைக்கிறது.

கதையின் முடிச்சு அம்மாவிடம் இருக்கிறது. அவள் ஒரு தத்துப்பிள்ளை, அவளைப் பெற்றவள் ஒரு கொலைகாரி என்று தெரியவருகிறது. 'என் ரத்தம் வழியாகத்தான் இது வந்திருக்கு' என்று முடிவு கட்டிவிடுகிறாள். நாவலில் அம்மா செத்துப் போகிறாள், ரோடா சிரித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். ஹாலிவுட் தணிக்கை விதிகள் அதை அனுமதிக்கவில்லை. குற்றவாளி தப்பக் கூடாதாம். அதனால் படத்தில் அம்மா பிழைத்துக்கொள்கிறாள், பெண் மீது இடி விழுகிறது! அதுவும் போதாது என்று, கடைசியில் நடிகர்களை அறிமுகப்படுத்தும்போது அம்மாவாக நடித்தவர் அந்தப் பெண்ணை மடியில் போட்டு அடிப்பதுபோல் ஒரு காட்சியும் சேர்த்தார்கள். பயந்த ஜனங்களைச் சிரிக்க வைத்து அனுப்ப ஒரு வழி.

'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான். பிள்ளை ஒரு தப்பு செய்தால் போதும், "அப்படியே உங்க சித்தப்பா புத்தி" என்று ஆரம்பித்துவிடுவோம். இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் நடத்தைக் கோளாறில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் காட்டுகின்றன. ஆனால் அது ஒரு பங்குதான். வளர்கிற வீடு, வாங்கிய அடி, கிடைத்த அன்பு, சேர்ந்த கூட்டம் எல்லாம் மிச்சம். சமூக விரோத ஆளுமை என்ற பெயரை 18 வயதுக்கு முன்னால் யாருக்கும் வைக்கக் கூடாது என்பது மனநல மருத்துவத்தின் விதி. ஏன்? குழந்தை இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறது, ஆகி முடியவில்லை.

தப்பு செய்துவிட்டு வருத்தமே படாத குழந்தைகள் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. அவர்களை வளர்ப்பது கஷ்டம். அடி, திட்டு, தனியாக உட்கார வைப்பது எதுவும் இவர்களிடம் அவ்வளவாக எடுபடாது. ஆனால் நல்லது செய்தபோது உடனே பாராட்டுவதும், நெருக்கமாகப் பழகுவதும் ஓரளவு எடுபடுகிறது. இப்போது இதற்கென்றே பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். பத்து வயதுக்கு முன்னால் ஆரம்பிப்பது நல்லது.

ஒரு சுவாரசியமான சங்கதி. ரோடாவாக நடித்த பாட்டி மெக்கார்மக் அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். 2018-ல் அந்தக் கதையை டி.வி.க்காக மறுபடி எடுத்தபோது அவருக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? குழந்தையைப் பரிசோதிக்கும் மனநல மருத்துவர்!

"மாசமா இருந்தா அப்படித்தான்"

அடுத்த சில வருஷங்களில் பயம் தொட்டிலிலிருந்து வயிற்றுக்குள் போனது. 1960-ல் வந்த 'வில்லேஜ் ஆஃப் தி டாம்ன்ட்' ஓர் இங்கிலீஷ் கிராமத்துக் கதை. ஒரே நாளில் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் கர்ப்பம். பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு, வெளிர்த் தலைமுடி, ஒளிவிடும் கண்கள். மூலக்கதையை எழுதிய ஜான் விண்டம் தன் நாவலின் பெயரிலேயே குயிலைக் கொண்டுவந்தார். அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் குயில்! காக்கை தெரியாமல் அடைகாக்கிற கதை நமக்குப் புதுசா என்ன?

அந்தக் காலத்துப் பெற்றோருக்கு வயிற்றைப் பற்றிப் பயப்பட நிஜமான காரணமும் கிடைத்தது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் மாத்திரையைக் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் தூக்கத்துக்கும் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் அங்கே அதை நிறுத்துவதற்குள் பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. மொத்தம் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமலும் வேறு குறைகளோடும் பிறந்தன. 'டாக்டர் கொடுத்ததைத்தானே சாப்பிட்டேன்' என்று தாய்மார்கள் அழுதார்கள்.

1968-ல் வந்தது 'ரோஸ்மேரிஸ் பேபி'. ஐரா லெவின் எழுதிய நாவல், ரோமன் பொலான்ஸ்கி எடுத்த படம். நியூயார்க் அபார்ட்மென்ட் ஒன்றில் குடியேறும் இளம் தம்பதி. அக்கம்பக்கத்தினர் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள். பேய் பிசாசை விட்டுத் தள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நடப்பதைக் கவனியுங்கள். அவளுக்கு வாரக்கணக்கில் வலி. உடம்பு ஏறுவதற்குப் பதில் இளைத்துக்கொண்டே போகிறாள். பிரபல டாக்டரோ, 'புஸ்தகம் படிக்காதே, தோழிகள் பேச்சைக் கேட்காதே' என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் ஏதோ ஒரு கஷாயம் கொண்டுவந்து கொடுக்கிறாள். புருஷனும் அவர்கள் கட்சி. தப்பித்து வேறு டாக்டரிடம் ஓடினால், அவர் பழைய டாக்டருக்கே போன் போட்டு வரவழைத்துவிடுகிறார்.

இந்தப் படத்தை நான் ஒரு கர்ப்பிணியின் படம் என்றுதான் சொல்வேன். "மாசமா இருந்தா அப்படித்தான், நாங்களெல்லாம் பெக்கலையா?" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை வலிகள் அமுங்கிப் போகின்றன! கர்ப்ப காலத்தில் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, மேல்வயிற்றில் கடும் வலி இவை ரத்தக் கொதிப்பு ஏறுவதைக் காட்டலாம். ரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் காது கொடுக்காவிட்டால் இன்னொரு டாக்டர். கஷாயம் எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

பிரசவத்துக்கு அப்புறம் இன்னொன்று. 1,000 பிரசவங்களில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்குப் பிரசவித்த சில நாட்களில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனம் கடுமையாகக் கலங்கிவிடும். தூக்கமே வராது. படபடப்பாகப் பேசுவாள். "இது என் குழந்தை இல்ல, மாத்திட்டாங்க" என்பாள். 'இது சாமி' என்றும் சொல்லலாம், 'இது சாத்தான்' என்றும் சொல்லலாம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "பச்சை உடம்புக்காரி, காத்துக் கருப்பு பட்டிருக்கும்." மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அந்த இரண்டு மூன்று நாளில் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அந்த நிலையில் இருவரையும் தனியாக விடவே கூடாது. இது அவசர சிகிச்சைக்கான நோய். சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகிற நோயும்கூட. குணமான பிறகு அதே குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சுவாள். பிரசவித்த மூன்றாம் நாள் வருகிற அழுகை, சலிப்பு வேறு. அது சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். போகவில்லை என்றால் அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எல்லா டெஸ்டும் நார்மல்!

இனி 'தி எக்ஸார்சிஸ்ட்'. வில்லியம் பீட்டர் பிளாட்டியின் நாவல் 1971-ல் வந்தது. வில்லியம் ஃப்ரீட்கின் டைரக்ட் செய்த படம் 1973 டிசம்பரில். அமெரிக்காவில் மேரிலாண்ட் பக்கம் 1949-ல் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டியதாகச் சொல்லப்பட்ட சம்பவத்தை, மாணவராக இருந்த காலத்தில் கேள்விப்பட்டு, அதைச் சிறுமியாக மாற்றி எழுதினார் பிளாட்டி.

தலை சுற்றுவதையும் பச்சை வாந்தியையும் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனால் படத்தின் முதல் பாதியில் ஆஸ்பத்திரிக் காட்சிகளும் நிறைய வருகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. 12 வயது ரீகனின் அம்மா நேராகப் பாதிரியாரிடம் போகவில்லை. முதலில் டாக்டரிடம்தான் போகிறாள். அவர் ரிட்டாலின் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் வலிப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். கழுத்தில் ஊசி குத்தி மருந்து செலுத்தி மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கிற காட்சி ஒன்று வருகிறது. பேயைப் பார்த்து அசராதவர்கள்கூட அந்த ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சி.டி. ஸ்கேன் 1971-ல்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். அப்போது மூளையைப் பார்ப்பது அவ்வளவு பாடு.

ரிசல்ட் வருகிறது. எல்லாம் நார்மல். கதை திரும்புகிற இடம் அதுதான். 'டாக்டருக்குப் பிடிபடவில்லை, அப்போ பேய்தான்!'

இந்த ஒரு தாவலில்தான் விஷமே இருக்கிறது. டெஸ்ட் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வலிப்பு நோயாளிக்கே, வலிப்பு வராத நேரத்தில் இ.இ.ஜி. எடுத்தால் சரியாக இருக்கலாம். அப்புறம், அன்றைக்குத் தெரியாத நோய் நாளைக்குத் தெரியவரும். 2007-ல் அமெரிக்காவில் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் நிபுணரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு மூளை அழற்சியைக் கண்டுபிடித்தார்கள். ஆன்ட்டி என்.எம்.டி.ஏ. ரிசப்டர் என்செஃபலைட்டிஸ் என்று நீளமான பெயர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிறது. இளம்பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அதிகம் வருகிறது. சில பேருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும். நன்றாக இருந்த பெண் சில நாளில் ஆளே மாறிவிடுவாள். கத்துவாள், சந்தேகப்படுவாள், வாய் கோணும், நாக்கைச் சுழற்றுவாள், கை கால் விநோதமாக முறுக்கும், வலிப்பு வரும், பேச்சு நின்றே போகும். இதைப் படித்ததும் உங்களுக்கு எந்தப் படம் ஞாபகத்துக்கு வருகிறது? அதேதான். இன்றைக்கு ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் டெஸ்ட் செய்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

டாக்டரை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? ஜெர்மனியில் அன்னெலீஸ் மிஷெல் என்ற பெண்ணுக்கு நடந்தது. 1968-ல், 16 வயதில் முதல் வலிப்பு. டாக்டர்கள் வலிப்பு நோய் என்று மருந்து கொடுத்தார்கள். வருஷங்கள் போகப் போக மனச்சோர்வு, காதில் குரல்கள், விகாரமான முகங்கள் தெரிவது. பக்தியான குடும்பம், பக்தியான பெண். தன்னைப் பேய் பிடித்திருக்கிறது என்று அவளே நம்பினாள். 1975 செப்டம்பரில் பேயோட்டும் சடங்கு ஆரம்பமானது. 67 முறை நடத்தினார்கள். சாப்பாட்டை நிறுத்தினாள். யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. 1976 ஜூலை 1-ந் தேதி செத்துப் போனாள். வயது 23. எடை சுமார் 31 கிலோ. 1978-ல் பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சாவதற்கு ஒரு வாரத்துக்கு முன் சிகிச்சை கொடுத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பாள் என்பது அரசுத் தரப்பு வாதம்.

'எக்ஸார்சிஸ்ட்' படம் ஜெர்மன் தியேட்டர்களில் ஓடியது 1974-ல். படம்தான் அவளைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. பெற்றவர்கள் அவள்மேல் பாசமில்லாதவர்களும் அல்ல. பாசத்தோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் வீட்டு 'அறிகுறிகள்'

இவ்வளவு பெரிய நோயெல்லாம் அபூர்வம். அடிக்கடி வீட்டில் பார்க்கிறதைப் பேசுவோம்.

தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தை வீல் என்று அலறி எழுந்து உட்கார்கிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் அம்மாவைத் தெரியவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது, தள்ளிவிடுகிறது. பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி தூங்கிவிடுகிறது. காலையில் கேட்டால் ஞாபகமே இல்லை. பார்க்கிற நமக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் போச்சு! இதற்குத் தூக்கத் திகில் என்று பெயர். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழித்துக்கொள்வதால் வருவது. காய்ச்சல், தூக்கக் குறைவு இருந்தால் அதிகமாகும். உலுக்கி எழுப்பாதீர்கள். கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். வளர வளரப் போய்விடும். கெட்ட கனவு வேறு. அது விடியற்காலைப் பக்கம் வரும், குழந்தை விழித்து, அழுது, கதையையும் சொல்லும். அப்போது கட்டிக்கொள்ள ஆள் வேண்டும்.

பேசிக்கொண்டே இருக்கும்போது அப்படியே நின்று, எங்கோ வெறித்துவிட்டு, பத்து விநாடியில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கிறதா? 'கவனமே இல்லை' என்று டீச்சர் புகார் அனுப்புகிறாரா? அது கீழே விழாத, உதறாத ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், பாதி வேலை முடிந்தது.

மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை கற்பனைத் தோழனோடு பேசுவது வெகு சகஜம். 'பப்லுவுக்கும் ஒரு தோசை' என்றால் சின்னதாக ஒன்று ஊற்றிக் கொடுங்கள், குடியொன்றும் முழுகிவிடாது. பெரிய பிள்ளை, காதில் குரல் கேட்கிறது, அது என்னைத் திட்டுகிறது, இதைச் செய் என்கிறது என்று பயந்தால் மட்டும் மனநல மருத்துவர்.

கண்ணைப் பார்த்துப் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத, காரணமில்லாமல் சிரிக்கிற, பொம்மைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிற குழந்தையைச் சினிமாக்காரர்கள் பயமுறுத்தவே பயன்படுத்திக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மாவுக்கு இது எவ்வளவு வலிக்கும்! அந்தக் குழந்தைக்குச் சீக்கிரமே பயிற்சி ஆரம்பிப்பதுதான் முக்கியம்.

நாய்க்குட்டியின் வாலைப் பிடித்து இழுக்கும் மூன்று வயதுக்காரனுக்கு அது வலிக்கும் என்றே தெரியாது. எட்டு வயதுப் பிள்ளை ரகசியமாக, திரும்பத் திரும்பப் பிராணிகளைத் துன்புறுத்தினாலோ, நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மூர்க்கமானாலோ, மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாலோ ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தப் படங்களில் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி அது: 'இந்தக் குழந்தையை யாராவது ஏதாவது செய்கிறார்களா?' ட்யூஷன், வேன், உறவு, எதையும் விட்டுவிடாமல் யோசியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அப்பா சொன்ன பொய்

1976-ல் வந்த 'தி ஓமன்' பணக்கார வீட்டுக் கதை. ரோம் நகர ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்துவிட்டது என்று கணவனிடம் சொல்கிறார்கள். மனைவி தாங்க மாட்டாளே என்று, வேறு ஒரு குழந்தையைக் கொண்டுவந்து, 'இதுதான் நம் குழந்தை' என்று அவளிடம் கொடுத்துவிடுகிறான். அதுதான் டேமியன். சாத்தானின் மகனாம். சில வருஷம் கழித்து அந்தத் தாய்க்குப் பிள்ளையைக் கண்டாலே பயம். 'இவன் என் குழந்தையில்லை என்று தோன்றுகிறது, எனக்குத்தான் மனசு சரியில்லையோ' என்று டாக்டரிடம் போகிறாள். அவளுக்குத் தோன்றியது உண்மை! அதை அவளிடம் சொல்லாத கணவன் பக்கத்திலேயே இருக்கிறான்.

நம்மூரில் மணிரத்னத்தின் 'அஞ்சலி' 1990-ல் வந்தது. அதில் இதற்கு நேர் எதிர்ப் பொய். குழந்தை உயிரோடு இருக்கிறது, ஆனால் மூளை வளர்ச்சிக் குறை, ரொம்ப நாள் இருக்காது. அப்பா, 'செத்துப் பிறந்தது' என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறார். உண்மை தெரிந்து வீட்டுக்கு வரும் அஞ்சலியைப் பார்த்து அண்ணன், அக்கா ஒதுங்குகிறார்கள், காலனியே முகம் சுளிக்கிறது. அமெரிக்கப் படமாக இருந்தால் அந்தக் குழந்தையையே பேயாக்கியிருப்பார்களோ என்னவோ. இங்கே அம்மா மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தத்து விஷயத்தில் ஒளித்து வைப்பதால்தான் வினை. மூன்று நான்கு வயதிலிருந்தே கதை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே வந்தால், பதினாறு வயதில் பக்கத்து வீட்டுக்காரர் வாயால் தெரிந்துகொள்ளும் அதிர்ச்சி இருக்காது.

2009-ல் வந்த 'ஆர்ஃபன்' அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்து வந்த ஒன்பது வயதுப் பெண்ணின் கதை. கடைசியில் அவள் குழந்தையே இல்லை, ஹார்மோன் கோளாறால் வளராமல் போன 33 வயதுப் பெண் என்று முடிச்சு அவிழும். பெற்ற பிள்ளைபோல் தத்துப்பிள்ளையை நேசிப்பது கஷ்டம் என்ற தொனியில் டிரைலரில் வந்த வசனத்துக்குத் தத்து அமைப்புகள் கொதித்தெழுந்தன. கம்பெனி அதை நீக்கியது.

அடுத்த வருஷமே, 2010-ல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு தம்பதி உக்ரைனில் பிறந்த ஒரு சிறுமியைத் தத்தெடுத்தார்கள். எலும்பு வளர்ச்சிக் குறையால் குள்ளமாக இருந்தவள். கொஞ்ச நாளில் 'இவள் குழந்தை இல்லை, பெரிய பெண், எங்களைக் கொல்லப் பார்க்கிறாள்' என்றார்கள். 2012-ல் கோர்ட் அவள் பிறந்த வருஷத்தை 2003-லிருந்து 1989 என்று மாற்றியது. எட்டு வயதுக்காரி ஒரே உத்தரவில் 22 வயதானாள்! 2013-ல் அவளை ஒரு வாடகை வீட்டில் தனியாக வைத்துவிட்டு அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. பத்திரிகைகள் எல்லாம் 'ஆர்ஃபன்' படம் நிஜமானது என்கிற மாதிரி எழுதின. கைவிட்ட வழக்கில் அந்தத் தம்பதிக்குத் தண்டனை கிடைக்கவில்லை. 2023-ல் எடுத்த மரபணுப் பரிசோதனையில் அவள் வயது சுமார் 22 என்று வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக விட்டுவிட்டுப் போனபோது அவள் குழந்தைதான்.

பிள்ளைகள் பார்த்துவிட்டால்?

பெரியவர்களையே இந்தப் படங்கள் உலுக்கியிருக்கின்றன. 'எக்ஸார்சிஸ்ட்' பார்த்து மனம் கலங்கி சிகிச்சைக்கு வந்த நான்கு பேரைப் பற்றி 1975-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கதை எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம்மூர் சென்சார் சர்டிபிகேட்டில் 2024 முதல் யூ/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். வீட்டில் போட்டுவிடும் முன் அந்த எண்ணைப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

பார்த்துப் பயந்துவிட்டதா? பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறதா? கேலி செய்யாதீர்கள். 'சாப்பிடலேன்னா அந்தப் பேய் வரும்' என்று அதையே ஆயுதமாக்கவும் செய்யாதீர்கள். கொஞ்ச நாளைக்குக் கூடப் படுத்துக்கொள்ளுங்கள், விளக்கு எரியட்டும். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அதை எப்படி எடுத்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பச்சை வாந்தி பட்டாணி சூப்! பேயின் குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை பேசியது. சுற்றிய தலை பொம்மையுடையது. டேமியனாக நடித்த பையனுக்கு இயல்பில் வெளிர்த் தலைமுடி, படத்துக்காகக் கறுப்புச் சாயம் அடித்தார்கள். பட்டாணி சூப் என்றதும் சிரிக்காத பிள்ளை உண்டா? ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமும் பள்ளிக்கூடமும் கெட்டால் டாக்டரைப் பாருங்கள்.

பெரியவர்கள் நீங்கள் பார்க்க ஒன்றைச் சிபாரிசு செய்யலாம் என்றால் 'தி பாபடூக்'. ஜெனிஃபர் கென்ட் என்ற பெண் டைரக்டர் எடுத்த ஆஸ்திரேலியப் படம், 2014. ஒரு விதவைத் தாய், ஆறு வயதுப் பையன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது விபத்தில் கணவன் இறந்துவிட்டான். பையனின் பிறந்த நாளும் அப்பாவின் இறந்த நாளும் ஒன்று. அதனால் பிறந்த நாளை அந்தத் தேதியில் கொண்டாடியதே இல்லை. பையன் கத்துகிறான், ஆயுதம் செய்கிறான், பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்கிறார்கள். முதல் அரை மணி நேரம் 'இந்தப் பையன்தான் பிசாசு' என்று நாமும் நினைப்போம். அப்புறம் மெதுவாகத் தெரியும், தூக்கமில்லாமல், அழாமல், யாரிடமும் சொல்லாமல் உள்ளே வெந்துகொண்டிருப்பது அம்மா. பையன் தயாரித்த ஆயுதமெல்லாம் அவளைக் காப்பாற்ற! கடைசியில் அந்தப் பேய் சாவதில்லை. வீட்டின் நிலவறையில் இருக்கிறது. தாயும் பிள்ளையும் தோட்டத்தில் மண்புழு பொறுக்குகிறார்கள். அவள் கீழே இறங்கிப் போய் அதற்குத் தீனி வைத்துவிட்டு மேலே வருகிறாள். அன்றைக்குப் பையனுக்குப் பிறந்த நாள். முதல் முறையாக அதே தேதியில் கேக்.